சுலபம் என்று பெயர் வைத்தேன்

நான் அடித்த கூத்துகளில் இதற்குத்தான் நீங்கள் அதிகம் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள் கண்ணுகளா, நானும் பாதியில் சேர்ந்துகொள்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு பேருந்து டிப்போவுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்த ஓட்டுநர் எந்த நாள் எந்த வண்டியை எடுப்பது என்ற பணிப்பட்டியலை இனிமேல் கணினி போட வேண்டும். அதற்கான விதிகளை டிப்போக்காரர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று ஒரு குட்டி நிரல்மொழியை நானே உண்டாக்கினேன். உண்டாக்க ஐந்து வாரம் ஆனது. பெயர் வைக்க மூன்று வாரம்.

பொய்யில்லை, மூன்று வாரம். எழுதி எழுதி அடித்த பெயர்கள் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கின. என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டிகளை ரிப்பேர் செய்கிறவர். ஒருநாள் தண்ணீர் எடுக்க வந்தவர் நின்று படித்தார்.

"மத்தவங்க என்ன பேரெல்லாம் வச்சிருக்காங்க?"

"பைத்தான், ரூபி, ரஸ்ட்..."

"மலைப்பாம்பு, மாணிக்கம், துரு. இதைக் கேட்டா உள்ளே என்ன இருக்குன்னு தெரியுதா?"

"தெரியாது. அதனாலதான் நான் வைக்கிற பேர்ல தெரியணும்."

"நான் ரிப்பேர் பண்ற பெட்டியில பாதிக்கு மேல 'ஜில்'லுன்னுதான் எழுதியிருக்கு. ஜில்லுன்னு இருந்தா என்னை எதுக்குக் கூப்பிடறாங்க?"

நான் கேட்டால்தானே? 'சுலபம்' என்று வைத்தேன். பச்சை நிறத்தில் இருநூறு ஸ்டிக்கர்கூட அடித்துவிட்டேன். யாருக்கு இருநூறு என்று கேட்காதீர்கள். அந்த மொழியைப் பயன்படுத்தப் போகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான்.

அவர்தான் டைமக்கா. டிப்போவின் நேரக் காப்பாளர். முப்பது வருடமாக நாற்பத்திரண்டு ஓட்டுநர்களுக்கும் கையால் பட்டியல் போட்டவர். ஜன்னலோரம் ஒரு மேசை, சுவரில் வண்டிச் சாவிகள், கம்பி போட்ட சின்னக் கவுண்டர். அந்தக் கவுண்டரில் முகம் வைத்துக் கெஞ்சாத ஓட்டுநர் கிடையாது.

டைமக்காவின் மகளுக்குத் தலைப்பிரசவம், எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில். ஒரு மாத விடுப்பு கேட்டிருந்தார். மேலாளர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: "வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டியல் மிஷின்ல இருந்து வரணும். வந்தா ஒரு மணி பஸ்ல கிளம்புங்க. வரலைன்னா நீங்க இல்லாம டிப்போ ஓடாது டைமக்கா, மன்னிச்சிருங்க."

திங்கட்கிழமை டைமக்காவின் கணினியில் முதல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு உட்கார வைத்தேன். ஒரு விதியைத் தட்டினார். திரையில் சிவப்பாக 'தவறு' என்று வந்தது.

"என்ன தவறு?"

"அடைப்புக்குறி விட்டுட்டீங்க அக்கா."

போட்டார். தவறு. இடைவெளி விட்டார். தவறு. செவ்வாய் முழுக்க இதே பாட்டு. புதன்கிழமை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, உன் சுலபம் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரர்கூட முப்பது வருஷத்துல இத்தனை தடவை தப்புன்னு சொன்னதில்ல."

"பழகிட்டா சுலபம்தான் அக்கா. அதனாலதானே அந்தப் பேரு."

"பேரை வச்சது நீ. சுலபமா நடந்துக்க வேண்டியது நானா? எங்கப்பா எனக்கு வச்ச பேருக்குப் பொறுமைன்னு அர்த்தம். வெளியே டிரைவருங்க நிக்கறாங்க, போய்க் கேட்டுட்டு வா."

கவுண்டருக்கு வெளியே யாரோ சிரிப்பை இருமலாக்கிய சத்தம் கேட்டது.

வியாழன் காலை மகளிடமிருந்து போன் வந்தது. பிரசவம் முன்கூட்டியே ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டைமக்கா போனை வைத்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். ஒரே எழுத்தை மூன்று தடவை அடித்து அழித்தார்.

"நகருங்க அக்கா, நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்" என்று அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மேலாளரும் பின்னால் வந்து நின்றார். படைத்தவளே இறங்கிவிட்டாள், இனி என்ன கவலை?

தவறு.

திருத்தினேன். தவறு. ஐந்து வாரம் வளர்த்த பிள்ளை மேலாளர் எதிரில் என்னைத் தெரியாதது போல் பார்த்தது. மூன்றாவது 'தவறு' வந்தபோது டைமக்கா என் தோளில் கைவைத்து, "பழகிட்டா சுலபம்" என்றார்.

வரிக் கடைசியில் நான் புள்ளி வைக்கவில்லை என்பதைப் பிறகு கண்டுபிடித்தேன். புள்ளி கட்டாயம் என்று சட்டம் போட்ட மகராசியும் நான்தான். பெயருக்குச் செலவழித்த மூன்று வாரத்தில் ஒருநாளை எடுத்து, என்ன தவறு என்று சொல்லும் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தால் போதும்.

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் குனிந்தபோது, டைமக்காவின் மடியில் இருந்த நோட்டுப் புத்தகம் கண்ணில் பட்டது. நான்கு நாளாக அதைப் பார்த்துத்தான் விதிகளை அடித்துக்கொண்டிருந்தார். நான்தான் அதைப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம். எல்லா வரியும் ஒரே அச்சு:

மலைப்பாதை வேண்டாம் – முழங்கால் வலி.
புதன் காலை வேண்டாம் – அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்.
எட்டாம் நம்பர் வண்டி வேண்டாம் – ஏற்கெனவே இடித்தது போதும்.

என்ன வேண்டாம், ஒரு கோடு, ஏன் வேண்டாம். முப்பது வருடத்தில் ஒரு வரியில்கூட இந்த வடிவம் மாறவில்லை.

"அக்கா, இதை இப்படியே அடிக்க முடியுமா?"

"இதை அடிக்க நீ எதுக்கும்மா?"

பட்டியலைக் கணக்குப் போடும் உள்பகுதியைத் தொடாமல் விட்டேன். அடைப்புக்குறி, புள்ளி என்று நான் வாசலில் நிறுத்தியிருந்த காவல்காரர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினேன். கோட்டுக்கு முன்னால் இருப்பது விதி. பின்னால் இருப்பதைக் கணினி அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டது. டைமக்கா நாற்பத்திரண்டு பக்கத்தையும் வெள்ளி காலை பத்தரைக்குள் அடித்து முடித்தார், நடுவில் இரண்டு ஓட்டுநர்களைத் திட்டிக்கொண்டே.

பட்டியல் வந்தது. மேலாளருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "இவங்க ஊர்ல இல்லாதப்போ நான் மாத்திட்டேன்னா?" என்று, முழங்கால்காரரை மலைப்பாதையில் தள்ளிப் பார்த்தார். திரையில் 'தவறு' வரவில்லை. டைமக்காவின் வரிதான் வந்தது: 'மலைப்பாதை வேண்டாம் – முழங்கால் வலி.'

இன்னொருவரை எட்டாம் நம்பருக்கு மாற்றினார். 'ஏற்கெனவே இடித்தது போதும்.'

"டைமக்கா, உள்ளே நீங்களே உட்கார்ந்திருக்கீங்க" என்றார் மேலாளர். "கிளம்புங்க, பஸ் போயிடும்."

ஒரு மணி வண்டியில் டைமக்கா ஏறினார். ஓட்டுநர் அவருக்காக முன்னிருக்கையைத் துண்டு போட்டுப் பிடித்துவைத்திருந்தார்.

டிப்போவில் என் மொழியை ஒருநாள்கூட யாரும் 'சுலபம்' என்று அழைக்கவில்லை. "எனக்கு ஞாயிறு முடியாது, வேண்டாம்ல போடுங்க" என்பார்கள். வேண்டாம் என்பதே அதற்குப் பெயராகி நிலைத்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவுடனே தெரிகிற பெயர். எனக்கு மூன்று வாரம் பிடித்தும் கிடைக்காதது. மிச்சமிருந்த நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஸ்டிக்கர்களில் ஒன்றை என் வீட்டுக்காரர் எடுத்து, இழுத்தால் வராத சமையலறை இழுப்பறையில் ஒட்டினார். இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை டைமக்காவிடமிருந்து போன்.

"பேத்தி பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"என்ன பேர் அக்கா?"

"இன்னும் வைக்கல. ஒரு மாசம் கூட இருந்து பார்த்துட்டு வைக்கலாம்னு இருக்கோம். உன்னை மாதிரி முதல்லயே வச்சுட்டு முழிக்க முடியுமா?"