அசனப் பந்தியில் ஒரு சம்மன்

"திங்கக்கிழமைதான் கடைசி வாய்தா. அதுக்குள்ள சம்மன் கொடுக்கலைன்னா மனுவைத் தள்ளிருவாரு ஜட்ஜ். ஞாபகம் இருக்குல்லா, ஹெப்ரான்?"

"இன்னைக்கு நாலாவது தடவை சொல்லுதீங்கம்மா."

குடும்பநல வழக்கறிஞர் பிரம்மநாயகிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாளையங்கோட்டை அலுவலகத்தில் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். கட்சிக்காரி ரீபாவுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை. ஆறு வயது மகன் டார்லினையும் கூட்டிப் போக வேண்டும். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிரிந்து வாழும் அப்பன் ஜெபஸ்டினின் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட் உத்தரவு. அவனோ ஆறு மாதமாக யார் கண்ணிலும் படவில்லை. கோர்ட் அமீனா மூன்று தடவை சம்மனோடு போய், "வீடு பூட்டியிருக்கு" என்று எழுதித் திரும்பினார். பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் இன்னும் இரண்டு மாதம் இழுக்கும். கடைசியில், நீங்களே நேரில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜட்ஜ் அனுமதித்திருந்தார்.

பிரம்மநாயகி சும்மா இருப்பாரா? விக்டோரியா ராணி காலத்து இங்கிலீஷ் துப்பறியும் நாவல் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சட்டப் புத்தக அலமாரியில் பாதி இடம் அவற்றுக்குத்தான். ஜெபஸ்டின் மகனுக்கு அனுப்பிய பிறந்தநாள் பார்சலைப் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தார். ஓரத்தில் ஒரு கோரைத் துணுக்கு. "பாய் நெய்யுத பத்தமடை!" என்று கத்தினார். ஒரு நாள் முழுக்கப் பத்தமடைத் தெருக்களில் அலைந்ததுதான் மிச்சம். பார்சல் ஆபீசில் அந்தப் பெட்டி பாய்க்கட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததாம்.

"ஒளியுதவன்தான் குற்றவாளி, ஹெப்ரான். எந்த நாவலை எடுத்தாலும் அப்படித்தான். இவன் எதையோ மறைக்கான்."

குமாஸ்தா ஹெப்ரான் காப்பித் தம்ளரைக் கழுவி வைத்தார். "நாளைக்கு அவன் ஊர்ல அசனம்மா."

"அப்படின்னா?"

"சர்ச்சுப் பண்டிகைச் சாப்பாடு. ஊரே சேந்து ஆக்கி, ஒரே பந்தியா உக்காரும். எந்தச் சீமையில இருந்தாலும் வந்துருவான். வள்ளியூர்ப் பக்கந்தான்."

"இதை முன்னமே சொல்லுததுக்கு என்ன?"

"நீங்க கண்ணாடில பாத்துட்டு இருந்தீங்க."

மறுநாள், சனிக்கிழமை மதியம். சர்ச் முற்றத்துப் பந்தலில் வரிசை வரிசையாக இலை. பிரம்மநாயகியின் கை பைக்குள் சம்மனைத் தடவியபடியே இருந்தது.

"பந்தி முடியட்டும்மா. சாப்பிடுத எடத்துல தாளை நீட்டக் கூடாது. பைய உக்காருங்க" என்றார் ஹெப்ரான்.

பிரம்மநாயகி உட்கார்ந்தார். சோற்றை விரலால் அளைந்தார். சாம்பார் வாளியோடு ஒருவன் குனிந்தான். கல்யாண போட்டோவில் பார்த்த அதே முகம், கன்னம் மட்டும் ஒட்டியிருந்தது.

"என்னக்கா, கோழி கணக்கா கொறிக்கீங்க? இன்னும் கொஞ்சம் விடட்டா? எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அங்க எங்க?"

நாவலாக இருந்தால் துப்பறிகிறவர் இந்த இடத்தில் புன்னகை செய்வார். பிரம்மநாயகி இலையைப் பார்த்துச் சொன்னார். "கோர்ட்டுக்கு எதிர்த்தாப்புல."

வாளி தரைக்கு வந்தது. "ரீபா வக்கீலா?"

ஹெப்ரான் எச்சில் கையோடு பாதி எழுந்துவிட்டார்.

"ஓட மாட்டேன் அண்ணாச்சி, உக்காந்து சாப்பிடும். இன்னும் ரெண்டு வரிசைக்கு ஊத்தணும்."

ஊற்றி முடித்துத்தான் வந்தான்.

"எங்கவே ஒளிஞ்சிருந்தீரு?" என்றார் ஹெப்ரான்.

"வீட்டுலதான். முன்வாசலைப் பூட்டிட்டுப் பின்வாசல்ல பொழங்கினேன். அந்தத் தாளை வாங்கினா பய போயிருவான்லா."

"வேற என்னத்தை மறைக்கீங்க?" என்றார் பிரம்மநாயகி.

"மறைக்க என்னக்கா இருக்கு?"

பிரம்மநாயகிக்கு ஏனோ கோபமாக வந்தது. "திங்கக்கிழமை தப்பிச்சா இன்னொரு மனு போடுவோம். ஒரு நாள் உங்களைக் கேக்காமலே உத்தரவு ஆயிரும். வாங்கினா உங்க பேச்சையும் ஜட்ஜ் கேக்கணும்." எதிர்த்தரப்புக்கு யோசனை சொல்லிவிட்டோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவன் கையைத் துண்டில் துடைத்துச் சம்மனை வாங்கிக் கையெழுத்திட்டான். தாளில் மஞ்சள் விரல் பதிந்தது.

"எத்தனை நாளைக்கு ஒளிய? பாஸ்போர்ட்டுக்கும் போடுதேன். வருசத்துக்கு ஒரு தடவை, அசனத்துக்குப் பயலைக் கூட்டிட்டு வரணும். எங்கூட வாளி தூக்கணும். கோர்ட்டுல எழுதித் தருவாளா, கேளுங்க."

பிரம்மநாயகி பந்தலுக்கு வெளியே போய் ரீபாவைப் போனில் கூப்பிட்டார்.

"ஆள் கிடைச்சாச்சு. அவரு ஊரு அசனத்துல."

மறுமுனையில் ஆச்சரியமே இல்லை.

"ரீபா, இன்னைக்கு அசனம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நான் பத்தமடை வரைக்கும் போய் அலைஞ்சேனே! ஏன் சொல்லல?"

"சோறு விளம்புத எடத்துல வச்சுப் பிடிக்கணுமான்னு… மனசு வரல." பிறகு அவளே கேட்டாள்: "காய் வெட்டுனாரா, ஊத்துதாரா?"

"சாம்பார் ஊத்துதாரு."

"அதானே. அவரு கையில கத்தியைக் கொடுத்தா விரலைத்தான் வெட்டுவாரு."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரம்மநாயகியால் துப்புத் துலக்க முடியவில்லை. ஜெபஸ்டினின் நிபந்தனையைச் சொன்னார்.

"அசனத் தேதி வருசா வருசம் மாறுமேக்கா. எனக்கு லீவு கிடைக்கணுமே."

"அப்ப வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"வேண்டாம்னு நான் சொன்னேனா? தேதியைப் போடாதீங்க. அசனம்னு மட்டும் எழுதுங்க."

பிரம்மநாயகி பைக்குள் பேனாவைத் துழாவினார். பூதக்கண்ணாடிதான் கையில் அகப்பட்டது. பின்னாலேயே வந்திருந்த ஹெப்ரான் தன் சட்டைப்பைப் பேனாவை எடுத்து நீட்டினார். பந்தலுக்குள் அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபஸ்டின் வாளியைத் தூக்காமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.