பாட்டில் அலசிய தண்ணீர்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கை தண்ணீரிலிருந்து வந்தது. காலை நடையின்போது, ஒரு குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், கிணற்றடியில் ஒரு பெண் சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கியதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூரியன் உச்சிக்கு ஏறி, சாய்ந்து, மறுநாளும் விடிந்தது.

(சரி, ஒரு நிமிடம் நின்றாள். பணி ஓய்வு பெற்றவனிடம் தாராளமாக இருப்பது நேரம். அதைக் கொஞ்சம் இழுத்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?)

மீதியெல்லாம் நான் கட்டியது. அவளுக்கு ஒரு வேலை வேண்டும், ஒரு மாமனார் வேண்டும், ஓர் ஆலையும் வேண்டும். ஆலை கட்டுவது பெரிய பாடு என்று நினைக்காதீர்கள். மூடிய ஆலையாக இருந்தால் ஒரு வரியிலேயே எழுப்பிவிடலாம்.

2.

தொடங்கிப் பார்த்தவை:

'பூமிக்கடியில் ஒரு மஞ்சள் ஆறு கனவு கண்டபடி...' வேண்டாம். அங்கே ஆறெல்லாம் ஓடாது. மணலின் இடுக்குகளில் தண்ணீர் நத்தைபோல நகரும்.*

'குரோமியம் என்னும் உலோகமானது...' ஐயோ, பரீட்சைக்குப் படிப்பதுபோல இருக்கிறது.

இப்படி வைத்துக்கொள்வோம். தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்பைக் காய்ச்சிய ஆலை ஒன்று மூடிக் கிடக்கிறது. அதன் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் எவ்வளவு உலோகம் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. தெருவில் அவளுக்கு 'மண் டாக்டர்' என்று பெயர். கூரை போன கொட்டகைக்குள் அவள் துளை போட்டு எடுக்கும் தண்ணீர் இளமஞ்சளாக வரும். கண்ணாடிக் குழாயில் தூக்கிப் பிடித்தால், உள்ளே ஒரு குட்டிச் சாயங்காலம். பார்க்கப் பார்க்க அழகு. அந்த அழகுதான் விஷம்.

* நத்தை கோபித்துக்கொள்ளும். அதைவிடவும் மெதுவாக.

3.

ஆலை மண் கெட்டிருக்கிறதா என்று சொல்ல, ஆலையின் கை படாத மண்ணும் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. அந்த நல்ல மண்ணை எங்கே எடுப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. ஆலைக்கு மேட்டுப்பக்கம், அங்கிருந்து தண்ணீர் ஏறிவர முடியாத இடத்தில், மாமனார் வீட்டுத் தோட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் மிதிக்கும் மண். இடுப்பளவு ஆழம் துளைத்து, ஒரு பை மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

அங்கிருந்து போன் வந்தது.

"அக்கா, பை மாத்திப் போட்டுட்டீங்களா?"

"ஏன்ப்பா?"

"சுத்தமான மண்ணுன்னு எழுதியிருக்கீங்க. ஆலை மண்ணே வெக்கப்படுது போங்க! இதோட ஒப்பிட்டா ஆலைய பூங்கான்னு சொல்லிடலாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

[இங்கே எனக்கே ஒரு சந்தேகம். இவ்வளவு படித்தவள், ஒரு வார்த்தை கேட்காமலா தோட்டத்தைத் துளைப்பாள்? துளைப்பாள். அடுத்தவர் தோட்டமாக இருந்தால், முன்னால் இங்கே என்ன இருந்தது, எதையாவது கொட்டினீர்களா என்று துருவித் துருவிக் கேட்டிருப்பாள். சொந்த வீட்டை யார் விசாரிக்கிறார்கள்?]

4.

மாமனார் அந்த ஆலையில் உலைப்பக்கம் வேலை பார்த்தவர். இப்போது அவருக்குத் தோட்டமே கதி. அவருடைய தக்காளி ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. (சரி, தக்காளி அளவு.) கூடை கூடையாகப் பறித்துத் தெருவுக்கே கொடுப்பார்.

"மாமா, இங்க எப்பவாச்சும் வெளியிலேர்ந்து மண்ணு கொண்டுவந்து கொட்டினீங்களா?"

"கொட்டாம? பெரிய பள்ளமால்ல கெடந்துச்சு! ஆலையில மலையா குவிச்சு வெச்சு, யாரு வேணும்னாலும் அள்ளிக்கிட்டுப் போங்கன்னாங்க. மணல் மாதிரி பொலபொலன்னு இருக்கும். வண்டி வண்டியா அடிச்சேன். மேலாப்புல நல்ல மண்ணப் போட்டேன். ஏம்மா, உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"அது மண்ணில்ல மாமா. குரோமிய உப்பு காய்ச்சின மிச்சம்."

அவர் ஒரு தக்காளி இலையை இரண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப தோட்டம்?"

"தோண்டி எடுக்கணும். முழுசா."

"கிணறு?"

"அத இன்னும் பாக்கல."

"பாக்காட்டி?"

இந்த ஒரு சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பார்க்காவிட்டால் ஒன்றுமில்லை. ஒப்பிட இந்த மண் சரிப்படாது என்று தள்ளிவிட்டு வேறு இடத்தில் எடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அவர் காலம் வரை தோட்டம் அவருக்கு இருக்கும். கிணற்றுத் தண்ணீர் மட்டும், யாருக்கும் தெரியாமல், மேட்டின் மறுசரிவில் இருக்கும் தெருவை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்.

5.

முடிவு அ: உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள். வண்டிகள் வருகின்றன. சிமென்ட் பூசிய தரையில் நாற்காலி போட்டு, மாமனார் சொந்த வீட்டில் விருந்தாளிபோல் உட்கார்ந்திருக்கிறார். எழுதிவிட்டுக் கிழித்தேன்.

முடிவு ஆ: அவள் வாயைத் திறக்கவில்லை. தக்காளி பழுக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. திரும்பப் படித்தேன், அந்த 'எல்லோரிலும்' சரிவுத் தெருக்காரர் ஒருவர்கூட இல்லை.

முடிவு இ: தக்காளிகளெல்லாம் மஞ்சள் விளக்குகளாகி, செடியோடு பிடுங்கிக்கொண்டு, கூரைகளுக்கு மேலே மிதந்து...

(வீட்டுக்காரி படித்துவிட்டு, "மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.)

6.

ஆகவே மறுபடி கிணற்றடி. அவள் கயிற்றில் கட்டிய குழாயை இறக்கித் தண்ணீர் எடுத்தாள். எந்தத் தண்ணீரைப் பிடிக்கப்போகிறோமோ அதனாலேயே பாட்டிலை முதலில் அலச வேண்டும். பிறகுதான் நிரப்ப வேண்டும். கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினாள். மஞ்சளாகத் தெரிந்ததுபோல் இருந்தது. காலை வெயிலும் மஞ்சள்தானே. பழக்கத்தில் அவள் கை தக்காளிப் பாத்திப் பக்கம் போயிற்று. போன கை அப்படியே நின்றது.

"செடிக்கு ஊத்தும்மா, வீணாக்காத" என்றார் மாமனார். சொன்ன பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த ஒரு நிமிடம்தான் நான் சுவருக்கு மேலே பார்த்தது. அவள் அதைக் கொட்டிவிட்டு பாட்டிலை நிரப்பினாளா, மூடிவைத்துவிட்டு வீட்டுக்குள் போனாளா என்று பார்க்காமல் நடந்துவிட்டேன். முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரே ஒரு விஷயம். ஆலை நான் கட்டியது, மாமனார் நான் கட்டியவர். மறுசரிவில் இருக்கும் தெரு நான் கட்டியதில்லை. என் வீடு அங்கேதான். எங்களுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். நத்தையைவிட மெதுவாக வரும் என்றேனே, வாஸ்தவம். ஆனால் அது கிளம்பி எத்தனை காலமாயிற்றோ?

மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருக்கிறது. சன்னல் வெயில் அதன்மேல் விழுந்திருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். எனக்குத் தாகமாக இருக்கிறது.