அக்காவுக்கு ஒரு புரோட்டீன் டப்பா

அலுவலகத்தில் எனக்கு ‘மூணு கொட்டேஷன்’ என்று பட்டப்பெயர். பம்பு செய்யும் தொழிற்சாலையில், கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருடம். ஒரு டஜன் பேனா வாங்குவதாக இருந்தாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். என் கல்யாணத்துக்கு மட்டும் இரண்டு கொட்டேஷன் குறைந்துவிட்டதாம், அதனால்தான் அது நிலைக்கவில்லையாம். கேண்டீனில் இப்படி ஒரு ஜோக் ஓடியது எனக்கும் தெரியும். சொன்னவன் மேல் கோபம்தான். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு அந்தப் பட்டப்பெயர் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா நான் இருக்கும் அதே குடியிருப்பில் தரைத்தளத்தில் தனியாக இருந்தாள். நான் மூன்றாவது மாடி. என்னைவிட ஒன்பது வயது பெரியவள். ஆயத்த ஆடைக் கடை ஒன்றில் பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, சட்டையின் இடுப்பைப் பிடிப்பது என்று முப்பது வருடம் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவள். கடையில் யார் வந்தாலும் அளந்து முடித்த பிறகு, “போட்டுப் பாருங்க, உங்களுக்குச் சரியா இருக்கான்னு சொல்லுங்க, அப்புறம் வெட்டறேன்” என்பாள். தனக்கு எது சரி என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். ஓட்டலுக்குப் போனாலும் எதிரில் இருப்பவர் என்ன கேட்கிறாரோ அதுதான் அவளுக்கும்.

அவளுக்கு இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. மாற்ற வேண்டும். ஆனால் அவள் எடை முப்பத்தொன்பது கிலோ.

“இந்த எடையில கத்தி வைக்க முடியாது” என்றார் அறுவை மருத்துவர். “நாப்பத்திரண்டாவது வரணும். ஆறு வாரம் டைம் தரேன். ரொம்பத் தள்ளிப் போட்டா இதயமே பலவீனமாயிடும், அப்புறம் ஆபரேஷனே பண்ண முடியாது.”

மூன்று கிலோ. ஆறு வாரம். கணக்கு எளிதாகத்தான் இருந்தது. அடுத்த அறையில் இருந்த உணவு ஆலோசகர், ஒல்லியான இளம்பெண், வழியைச் சொன்னாள்.

“சாப்பாட்டோட தினம் ரெண்டு வேளை வே புரோட்டீன் தூள் கலக்கிக் குடுங்க, பால்லேர்ந்து எடுக்கிறது. பால் ஒத்துக்கலன்னு சொன்னீங்க இல்ல, அதனால டப்பாவுல ஐசோலேட்னு போட்டிருக்கான்னு பாருங்க. அதுல பால்சர்க்கரை ரொம்பக் கம்மி. மத்தபடி அவங்க வாய்க்கு எது பிடிக்குதோ அது.”

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், கடைசி வாக்கியத்தைத் தவிர. அதைத் தகவல் என்று நான் நினைக்கவில்லை.

அன்று மாலையே கட்டம் போட ஆரம்பித்தேன். மூன்றில் நிற்கவில்லை, பதினான்கு டப்பாக்கள். ஒரு கரண்டியில் எத்தனை கிராம் புரோட்டீன், எத்தனை கிராம் சர்க்கரை, எந்த லேபில் சோதித்தார்கள், சோதனை அறிக்கையை வெளியிட்டார்களா, எந்தத் தேதியில் அடைத்தது. சில கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் வராதவர்களை நீக்கினேன். வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். அலுவலகத்தில் ஒரு பம்புக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்லை. இடையில் அக்கா ஒரு தடவை, “ஏதோ ஒண்ணு வாங்கேன்டா” என்றாள். “உன் உயிர் விஷயம்க்கா, ஏதோ ஒண்ணுன்னு வாங்க முடியுமா” என்றேன். அவள் சிரித்தாள். அதற்குள் பதினாறு நாள் ஓடிவிட்டது.

பதினேழாவது நாள் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உடற்பயிற்சிச் சாமான் விற்கும் கடை. கடைக்காரருக்குக் கழுத்தே கிடையாது, தோளிலிருந்து நேரே தலை. என் கேள்விகளுக்குப் பத்து நிமிடம் பதில் சொல்லிவிட்டு, “சார், நீங்க வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?” என்று கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பி, சின்னக் காகிதக் கோப்பைகளில் இரண்டு மூன்றைக் கலக்கி நீட்டினார்.

அக்கா சாக்லேட் கோப்பையை வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். இன்னொரு மடக்கு. கோப்பையைக் கவிழ்த்து, அடியில் இருந்ததையும் குடித்தாள். அவள் எதையும் அப்படி மிச்சமில்லாமல் குடித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

“இது நல்லா இருக்குடா” என்றாள். “இதையே வாங்கிக்கலாமே.”

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஐசோலேட்தான். ஆனால் கரண்டிக்கு இருபத்திரண்டு கிராம் புரோட்டீன், மூன்று கிராம் சர்க்கரை. என் பட்டியலில் முதலிடத்தில் இருந்த டப்பாவில் இருபத்தேழு கிராம். சர்க்கரை இல்லை, நிறம் இல்லை, சுவையூட்டி எதுவும் இல்லை. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆனால் என் அட்டவணையில் சர்க்கரைக்கு ஒரு கட்டம் இருந்தது, அதில் இந்தச் சாக்லேட் தோற்றுப்போனது.

“இது சின்னப் பசங்க குடிக்கிறது அக்கா. இதோ, இதுதான் சுத்தமானது. நான் எல்லாம் பாத்துட்டேன்.”

அவள் வெறும் கோப்பையை மேசையில் வைத்தாள். “சரி, நீ பாத்துட்டேன்னா சரிதான்” என்றாள்.

சுத்தமான டப்பாவை வாங்கினேன். கடைக்காரர் மட்டும், “ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு வாங்குங்களேன்” என்றார். விற்கிறவன் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு என் நிர்வாகம் தொடங்கியது. டப்பாவின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, எந்த வாரம் தூள் எதுவரை இறங்கியிருக்க வேண்டும் என்று குறித்தேன். காலை பத்தரைக்கும் மாலை நாலரைக்கும் அலுவலகத்திலிருந்து போன் செய்வேன். “குடிச்சியா?” “குடிச்சேன்டா.” “எப்படி இருக்கு?” “நல்லா இருக்கு.” ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப்போய் டப்பாவைப் பார்ப்பேன். தூள் கோட்டுக்குக் கோடு சரியாக இறங்கியிருக்கும். எனக்குப் பெருமை பிடிபடாது.

ஆறாவது வாரம் எடை பார்த்தார்கள். முப்பத்தெட்டு கிலோ இருநூறு கிராம்.

மருத்துவர் தேதியைத் தள்ளிவைத்தார். “இன்னும் ஒரு மாசம். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது” என்றார். உணவு ஆலோசகர் அக்காவைப் பார்த்து, “ஒழுங்கா குடிக்கிறீங்களாம்மா?” என்று கேட்டாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் கோடு போட்ட டப்பாவின் படத்தைச் செல்போனில் நீட்டினேன். அந்தப் பெண் அதை அதிகம் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

இருபத்தாறு வருடமாகக் கொள்முதலில் இருப்பவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வரும். சரக்கு போட்டவன் ஏமாற்றிவிட்டான். கம்பெனிக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதினேன். டப்பாவிலிருந்து இருநூறு கிராம் எடுத்து, உறையிட்டு, தொகுதி எண் எழுதி, தனியார் லேப் ஒன்றுக்குச் சோதனைக்கு அனுப்பினேன். அறிக்கை வரும்வரை அதே தூளை மூன்று வேளையாக்கினேன். புரோட்டீன் குறைவாக இருந்தால் அளவைக் கூட்டினால் சரியாகிவிடும் அல்லவா?

அறிக்கை வர இருபத்துமூன்று நாள் ஆயிற்று. கரண்டிக்கு 26.8 கிராம். கலப்படம் இல்லை. சரக்கு பழுதே இல்லாத சரக்கு.

மிஞ்சிய தூளைச் சின்ன உறையில் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அலுவலக மேசைமேல் அறிக்கையும் உறையும் கிடந்தன. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை ஓடவில்லை. தண்ணீர் தம்ளரில் அந்தத் தூளைக் கொட்டி, ஸ்கேலால் கலக்கி, ஒரு வாய் குடித்தேன்.

விழுங்க முடியவில்லை. நனைந்த அட்டையையும் கெட்டுப்போன பாலையும் சேர்த்து அரைத்தது போல ஒரு ருசி. நுரை நாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. கழிவறைக்கு ஓடித் துப்பிவிட்டு, மூன்று தடவை வாய் கொப்பளித்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பதினான்கு டப்பா, ஒன்பது கட்டம், அதில் ருசிக்கு ஒரு கட்டம் இல்லை. குடிக்கப்போகிறவளுக்கு இடமே இல்லாத ஓர் அட்டவணையை நான் பதினாறு நாள் உட்கார்ந்து போட்டிருக்கிறேன்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பதினொரு மணி இருக்கும். அக்கா வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். சமையலறைத் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் தூள் கலக்கும் ஷேக்கர், மூடி திறந்திருந்தது. சாய்த்து ஊற்றப்போனவள் என்னைப் பார்த்தாள். குழாயை மூடினாள். ஷேக்கரைத் தூக்கி வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மளமளவென்று குடிக்க ஆரம்பித்தாள். அவள் தொண்டை எக்கி எக்கி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில்தான் எனக்கு உறைத்தது. எனக்காகக் குடிக்கிறாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

“விடுக்கா. வேணாம்.”

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “முதல் நாலு நாள் குடிச்சேன்டா. குடிச்சா வாந்தி, அப்புறம் சாப்பாடும் உள்ள போகல. அதான்.”

“தூள் சரியா குறைஞ்சுதே.”

“தூளா கொட்டினா தொட்டி அடைச்சுக்கும். அதனால கலக்கித்தான் ஊத்தினேன்.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

அவள் என்னைக் குற்றம் சாட்டும் குரலில் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னாள்: “கடையில சொன்னேனே.”

அன்று மாலையே சாக்லேட் டப்பா வாங்கி வந்தேன். அவள் குடித்தாள், மிச்சம் வைக்காமல் குடித்தாள். ஆனால் ஆறு நாள் கழித்து, படுக்கையை உதறிப் போடும்போதே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“பம்ப் பண்ற சக்தி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. ரெண்டு மாசம் முன்னாடின்னா பண்ணியிருப்பேன். இப்ப மேசையிலேயே போயிடுவாங்க. மருந்தோட இருக்கட்டும், இருக்கிற வரைக்கும்.”

ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறு இரண்டு மருத்துவமனைகளுக்குப் போனேன். அங்கேயும் அதே பதில்தான். அக்காவிடம், “கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்காங்க, நீ உடம்பத் தேத்து” என்று சொன்னேன். வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

அவள் தேற்றினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. போன் செய்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவளே கூப்பிட்டு, “குடிச்சிட்டேன்” என்பாள். சனிக்கிழமைதோறும் எடை இயந்திரத்தைக் கூடத்தில் வைப்பேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று, பிறகு கையை எடுப்பாள். முப்பத்தெட்டரை, முப்பத்தொன்பது, நாற்பது. கால் வீக்கம் இல்லை, நீர் கோத்ததால் ஏறிய எடை இல்லை, இது நிஜமான சதைதான் என்று உணவு ஆலோசகரும் சொன்னாள். இந்த எடையெல்லாம் அந்த ஆறு வாரத்தில் ஏறியிருக்க வேண்டியது. அன்றே ஏறியிருக்கும். குறுக்கே நின்றவன் நான்.

போன சனிக்கிழமை, நான் குனிந்து பார்ப்பதற்குள் அவளே எண்ணைப் படித்தாள்.

“நாப்பத்திரண்டுடா.”

“ஆமாக்கா.”

“டாக்டர் கேட்டது வந்துடுச்சு. இன்னைக்கே போய்த் தேதி கேக்கலாமா?”

இயந்திரத்திலிருந்து இறங்கி, மூச்சு வாங்க நின்று, பிறகு உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்தாள். தலை வாரியிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“இனிமே ஆபரேஷன் பண்ண முடியாதாம்க்கா. நேரம் தாண்டிடுச்சாம்.”

அவள் கொஞ்ச நேரம் ஃபைலின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எப்பச் சொன்னாங்க?”

“மூணு மாசம் ஆச்சு.”

“அப்புறம் எதுக்குடா வாரா வாரம் எடை பாத்த?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. “நான் கிட்ட வந்துட்டோம், கிட்ட வந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டே குடிச்சேன்.”