நாற்பத்தொன்பதரை கிலோ

“நாப்பத்தொம்பதரை! படிச்சுப் பாருய்யா மெர்வ், உன் கண்ணாலயே படி.”

குதிரையின் முதலாளி ஸ்ட்ராகன் பத்திரிகையை லாயத்து மேசைமேல் வீசினார். மேற்கே இரண்டு இரும்புச் சுரங்கம் வைத்திருந்தார். ஆனால் நவம்பர் கோப்பை மட்டும் அவர் வீட்டு அலமாரிக்கு வரவில்லை. பதினேழு வருஷமாக அது அவரை அரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பயிற்சியாளர் மெர்வ் ஹன்னிகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “எடை போடுறவர் நம்பிட்டார் சார்.”

“நம்பாம? குளிர்காலம் பூரா தோத்த குதிரை மேல வேற என்னத்த ஏத்துவான், என்னையா ஏத்துவான்?”

தன் வயிற்றைத் தானே தட்டிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கோப்பைப் பந்தயத்தில் எந்தக் குதிரை ஜாக்கியோடு சேர்த்து எத்தனை கிலோ சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். கெட்டிக்காரக் குதிரைக்குச் சுமை அதிகம். சேணத்துக்கு அடியில் ஈயத் தகடுகளைச் செருகி அனுப்புவார்கள். சோப்ளாங்கிக் குதிரை காற்று மாதிரி ஓடலாம். எல்லாம் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பது எடை போடுகிறவரின் ஆசை. கெட்டிக்காரனைச் சோப்ளாங்கியாகக் காட்டுவது எங்கள் ஆசை.

எங்கள் குதிரை சால்ட் கிரீக்கை மூன்று வருஷமாகத் தேய்த்து, தீனி வைத்து, நடத்திக்கொண்டிருந்தவள் நான்; லாயத்தில் என் பெயர் டாட். அவன் எப்படித் தோற்றான் என்பது எனக்குத் தெரியும். கோப்பை நடக்கிற அதே மைதானத்தில், கடைசி வளைவின் உட்புறம் ஒரு கிழட்டு எல்ம் மரம் நிற்கிறது. அதிகாரிகள் உட்காரும் கோபுரத்திலிருந்து பார்த்தால், அந்த இடத்தில் குதிரைகள் இரண்டு விநாடி மறைந்துவிடும். அந்த இரண்டு விநாடியில் ஜாக்கி கிளைவ் கடிவாளத்தை இழுப்பான். நான்கு பந்தயத்திலும் அதே இடம். காலைப் பயிற்சியில் அதற்கு ஒத்திகை வேறு. தோற்றுத் திரும்பியதும் என் கோட்டுப் பையிலிருந்து ஒரு கேரட் கொடுப்பேன். “சமத்துடா நீ” என்பேன்.

கோப்பைக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலை ஓட்டம் முடிந்து கிளைவ் இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?”

“நான் இழுக்கல டாட்.”

“எத?”

“இன்னைக்கி இழுக்கவே இல்ல. கை சும்மாதான் கெடந்துச்சு. மரம் வந்துச்சு, அவனாவே ஓட்டத்த விட்டுட்டான். நல்லவேளை, நான் அம்பத்திமூணு கிலோ. கோப்பையில நான் ஏற முடியாது.”

“யாரு ஏறுறா?”

அவன் என்னைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினான். “உனக்கு யாரும் சொல்லலியா? நெரிஸ்தான்.”

நெரிஸ் என் தங்கை மகள். தங்கை போன பிறகு என்னிடம்தான் வளர்ந்தாள். நாற்பத்தேழு கிலோ இருப்பாள், அவ்வளவும் வாய்.

நேரே மெர்விடம் போனேன்.

“மரத்துகிட்ட அவன் தானா நிக்கிறான் மெர்வ். நாம பழக்கிட்டோம்.”

“தனியா ஓடுறப்ப நிப்பான். அன்னைக்கி இருபத்திமூணு குதிரை. கூட்டம் இழுத்துட்டுப் போயிடும்.”

“கூட்டம் இழுக்காது, ஏறி மிதிக்கும். பின்னாடி வர்றவன் எங்க போவான்? நான் அவகிட்ட சொல்லப்போறேன்.”

மெர்வ் எழுந்து கதவைச் சாத்தினார். “சொல்லு. தாராளமா சொல்லு. சொன்னதுக்கப்பறம் அவ ஏறுனா, தெரிஞ்சே ஏறுனவ. நம்ம லைசென்ஸ் போற அன்னைக்கி அவளுதும் சேந்து போகும். இருபத்திரண்டு வயசுல. ஏறலேன்னாலும் ஸ்ட்ராகன் ஏன்னு கேப்பார். அந்தாளு ஒரு போன் போட்டா இந்த நாட்டுல எவன் அவளுக்குக் குதிரை குடுப்பான்?”

வாயை மூடிக்கொண்டேன். அவளுக்காகத்தான் மூடிக்கொண்டேன் என்று பத்து நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோப்பை நாள் வெயில் நன்றாக அடித்தது. ரோஜாத் தொப்பிகளும் ஷாம்பெயினுமாகக் கூட்டம். சாம்பல் நிறக் கோட்டில் ஸ்ட்ராகன் நெரிஸின் தோளில் கை வைத்தார்.

“உள்வேலிய ஒட்டியே போம்மா. நடுவுல ஒளிஞ்சுக்க. மரம் தாண்டுனதும் விடு, புரியுதா?”

“புரியுது சார். கப்ப எந்த அலமாரில வெக்கப் போறீங்க?”

“வாய்க்காரி!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதை வாசல் வரை நடந்தேன். அதற்கு மேல் நான் போகக் கூடாது. கயிற்றை விட வேண்டிய இடம் வந்தும் என் கை விடவில்லை.

“பெரியம்மா, விடு. எல்லாரும் பாக்குறாங்க.”

“மரத்துகிட்ட போறதுக்குள்ள வெளிய வந்துடுடி. உள்ள மாட்டிக்காத.”

“உள்ளதான போகச் சொன்னாரு?”

“அவரு கெடக்கார். நான் சொல்றேன்.”

“ஏன்?”

சேணத்தின் மேலிருந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் அம்மாவின் கண். ஒரே ஒரு வாக்கியம்தான். சொல்லியிருக்கலாம்.

“உள்ள தரை ஈரமா இருக்கு” என்றேன்.

“ஈரமா? காலைல முழுசா நடந்து பாத்துட்டு வந்தேன் பெரியம்மா. காஞ்சு கெடக்கு. உனக்குப் பயம், அதான்.” என் கையைத் தட்டிவிட்டாள். “கேரட்ட ரெடியா வெச்சிரு.”

போய்விட்டாள்.

வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒலிபெருக்கி பெயர்களைக் கொட்டிக்கொண்டே வந்தது. எட்டாவதாக சால்ட் கிரீக், உள்வேலியை ஒட்டி. முன்னால் குதிரை, பக்கத்தில் குதிரை, பின்னால் பதினைந்து. நெரிஸின் மஞ்சள் தொப்பி அசையாமல் வந்தது. எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தாள்.

மரத்துக்குப் பின்னால் இருபத்துமூன்று குதிரைகள் போயின. ஒன்று. இரண்டு.

பார்வையாளர் மேடையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. ஜெயிப்பதற்குக் கத்துகிற சத்தமில்லை அது.

இருபத்தொன்று வெளியே வந்தன. மஞ்சள் தொப்பி இல்லை. அவற்றுக்கு வெகு பின்னால், மெதுவாக, காதுகளை நிமிர்த்திக்கொண்டு சால்ட் கிரீக் வந்தான். சேணம் காலி. ஆம்புலன்ஸ் மரத்துக்குப் பின்னால் போய் நின்றது.

நான் கம்பிக்கு அடியில் நுழைந்து ஓடினேன். மெர்வ் பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்தார்.

“டாட், யார் கேட்டாலும் எதுவும் தெரியாதுன்னு சொல்லு.”

சால்ட் கிரீக் எங்களிடம் வந்து நின்றான். சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்துவிட்டு வந்திருந்தான். என் கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்துத் தேடினான். ஆம்புலன்ஸ் இன்னும் வெளியே வரவில்லை.