அட்டையில் ஆறு பேர்

“இப்பல்லாம் வாசலுக்கு வாரவங்க நல்லாருக்கியான்னு கேக்குறதில்ல. எத்தன பேருன்னுதான் கேக்குறாங்க,” என்று முனகியபடி சந்தியாகு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். செம்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் பள்ளிக்கூடக் கணக்கெடுப்பு. ஐரின் டீச்சர் படிவத்தோடு நின்றார்.

“வீட்ல எத்தன பேரு தாத்தா?”

“ஆறு.”

ரேஷன் அட்டையில் ஆறுதான். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இரண்டும் திருப்பூர் போய் இரண்டு வருசம். உண்மையைச் சொன்னால் பேரை அடித்துவிடுவார்கள், அரிசி குறைந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

“பிள்ளைக என்ன படிக்குது?”

“மூணாப்பும் அஞ்சாப்பும்.”

“ரெண்டுக்கும் நாந்தான் டீச்சர். ஒருநாளும் பாக்கலையே?”

“ஒடம்பு சரியில்ல.”

“ரெண்டு பேருக்குமா?” டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. “இந்தத் தெருவுல ஏழு வீட்டுல இதே சீக்குதான் தாத்தா. இங்க இருக்குதுன்னு எழுதுனா, ஏன் பள்ளிக்கூடம் வரலன்னு ஆபீசர் தேடி வருவாரு. வெளியூர்னு எழுதிக்கிறேன். இது ரேஷனுக்குப் போகாது.”

“எல்லாக் காகிதமும் ஒரே எடத்துக்குத்தாம்மா போகுது.”

ஆனால் ஆபீசர் வீட்டுக்கே வருவது அதைவிட வம்பு. சந்தியாகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ரெண்டுன்னு எழுதிக்க. நானும் கிழவியும். கைநாட்டு மட்டும் கேக்காத.”

ஆட்டை அவிழ்த்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்த்தபோது டீச்சர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேருக்கு இம்புட்டு எழுத்தா?” என்று ஆட்டிடம் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.