பவர் பட்டனில் சந்தனப் பொட்டு

ஆயுத பூஜை அன்னிக்குச் சாயங்காலம் எங்க கம்பெனிக்குள்ள சாமி வந்துச்சுன்னு இன்னமும் பேசிக்கிடுதாங்க. வந்தது யாருன்னு எனக்குத் தெரியும். வரவழைச்சவளே நான்தான்.

எம்பேரு நாகஜோதி. சொந்த ஊரு கோவில்பட்டிப் பக்கம். திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில கம்ப்யூட்டர் அத்தனைக்கும் நான்தான் இன்சார்ஜ். இன்சார்ஜ்னா ஏசி ரூமு, சுத்துற நாற்காலின்னு நெனைச்சுராதீங்க. மூணு மாடிக் கட்டடம். லிஃப்ட் துணி மூட்டைக்கு மட்டும். மேல ஆர்டர் பாக்குற மெர்ச்சண்டைசிங்ல ஒருத்திக்கு மெயில் தெறக்கலைன்னா ஏறி ஓடணும். கீழ பேக்கிங்ல பார்கோடு ஸ்டிக்கர் கோணலா வந்தா எறங்கி ஓடணும். போய்ப் பாத்தா பாதி நேரம் வயர் புடுங்கிக்கிட்டுக் கெடக்கும். அப்போ எனக்கு ஏழாம் மாசம் வேற. படி ஏறும்போது உள்ள இருக்குறது எட்டி உதைக்கும், வெளிய நான் அந்தப் படியக் கட்டுன கொத்தனாரை வைவேன்.

இதுக்கு மருந்து இருந்துச்சு. ஒரே எடத்துல உக்காந்துக்கிட்டு எல்லாக் கம்ப்யூட்டரையும் மேய்க்கிற சாஃப்ட்வேர். அப்டேட் போடலாம், கோளாறு பாக்கலாம், அணைச்சு வச்ச மெஷினைக்கூட தட்டி எழுப்பலாம். அது வந்துட்டா பிள்ளை பெத்த பெறகு நான் வீட்டுல இருந்தே வேலை பாத்துருவேன். வரலைன்னா வேலை போச்சு. ஏன்னா முதலாளியோட அக்கா மகன் வேலுமணி என் நாற்காலிக்குத் துண்டு போட்டு வச்சிருந்தான். "பாவங்க அந்தக்கா, இந்த நேரத்துல மாடி ஏறிக்கிட்டு. பேசாம நின்னுக்கட்டுங்க மாமா, நான் பாத்துக்கறனுங்க"ன்னு சமயம் கெடைக்கும்போதெல்லாம் ஓதுவான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்.

முதலாளி ஆறுச்சாமி நல்ல மனுசன். ஆனா கண்ணால பாக்காத எதையும் நம்ப மாட்டாரு.

"துணியத் தடவிப் பாக்காம வாங்குவமா கண்ணு? நீ எந்த மெஷின் கிட்டயும் போகாம, ஒரு கைகூட வெக்காம, அத்தனையும் அப்டேட் ஆகறத எனக்குக் காட்டு. அந்த சாஃப்ட்வேர வாங்கித் தாரேன், ஊட்ல உக்காந்தே பாரு. ஆகலீன்னா வேலுமணி பாத்துக்கட்டும்"னு சொல்லிட்டாரு.

சரின்னு ஒவ்வொண்ணா ஓசி டிரையல்ல போட்டுப் பாத்தேன். மொதல்ல வந்தது அப்டேட் போடுறேன்னு சொல்லி மெர்ச்சண்டைசிங் செக்‌ஷனையே மூர்ச்சையாக்கிப் போட்டுச்சு. அடுத்தது நல்ல பிள்ளை, ஆனா நெட் கொஞ்சம் சுணங்குனா புதுப்பொண்ணாட்டம் கோவிச்சுக்கிட்டு வாயே தெறக்காது. மூணாவதுதான் என் மனசுக்குப் பிடிச்சுது. அதுலயும் ஒரு கொறை. சாயங்காலம் எல்லாரும் போன பெறகு எழுப்பிப் பாத்தா, ரெண்டாம் மாடி மட்டும் எந்திரிக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது.

கேபிள் மாத்துனேன். செட்டிங் எல்லாம் தலைகீழாப் புரட்டுனேன். சாஃப்ட்வேர்காரனுக்கு மெயில் போட்டா, ஒருதரம் அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களான்னு அவன் என்னையே கேக்குறான். அணைஞ்சு கெடக்குறது எந்திரிக்கலைன்னுதானே ஐயா அழுதுக்கிட்டு இருக்கேன்.

ஒருநா மூச்சு வாங்கி ரெண்டாம் மாடிப் படியிலயே உக்காந்துட்டேன். அந்த மாடியப் பெருக்குற கருத்தம்மாக்கா கையில வாரியலோட வந்தா. ஒவ்வொரு மேசையாப் பெருக்கி முடிச்சுட்டு, சுவத்துல இருக்குற சுவிட்சை டப்பு டப்புன்னு அணைச்சுக்கிட்டே போறா.

"என்னக்கா பண்ணுத?"

"கரண்டு பில்லு ஏறுதுன்னு மொதலாளி சொன்னாருல்லா தாயி."

உசுரே இல்லாத மெஷினைத்தான் இத்தனை நாளா எந்திரி எந்திரின்னு கூப்பாடு போட்டிருக்கேன். நான் சிரிச்ச சிரிப்புல வயித்துப் பிள்ளையும் சேந்து குலுங்குச்சு. ஏன் சிரிக்கேன்னு தெரியாமலே கருத்தம்மாக்காவும் சிரிச்சா. இனிமே சுவத்துச் சுவிட்சைத் தொடாதக்கா, நானே முதலாளிகிட்டச் சொல்லிக்கிடுதேன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன்.

டிரையல் முடியுறதுக்குள்ள ஆயுத பூஜை வந்துருச்சு. எங்க கம்பெனியில அன்னைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சர்வர் ரூம் பெட்டியைத் தவிர மத்த எல்லாக் கம்ப்யூட்டரையும் மத்தியானமே அணைச்சுத் தொடைச்சுருவோம். பூஜை போட்ட மெஷினை மறுநா காலையில முதலாளி வந்து தொடுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. போன வருசம் எவனோ கிரிக்கெட் ஸ்கோர் பாக்க ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுட்டான், யாருன்னு கண்டுபிடிக்க முடியலை. அதனால இந்த வருசம் முதலாளியே மாடி மாடியா ஆள் வச்சு, ஒவ்வொரு பவர் பட்டன் மேலயும் சந்தனம் வச்சு, அதுக்கு மேல குங்குமம் வைக்கச் சொல்லிட்டாரு. கை பட்டா அழிஞ்சுரும்.

எனக்கு இது வசதியாப் போச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஈ காக்கா இருக்காது. அந்த நேரத்துக்கு எல்லாம் தானா எந்திரிச்சு, அப்டேட் ஆகி, தானாப் படுத்துரணும்னு சாஃப்ட்வேர்ல குறிச்சு வச்சேன். காலையில முதலாளிகிட்ட ரிப்போர்ட்டை நீட்டுனாப் போதும்.

சாயங்காலம் மூணாம் மாடியில பூஜை. பொரி, சுண்டல், மாலை போட்ட மானிட்டர். கம்பெனி மொத்தமும் அங்கன நிக்குது. வேலுமணி கடைசியா வந்து, புது வேட்டியில விரலைத் துடைச்சுக்கிட்டே ஓரமா நின்னான். முதலாளி கண்ண மூடிக்கிட்டு மணியடிச்சாரு. கற்பூரம் கொழுந்து விட்டுச்சு.

அப்ப ஒரு கம்ப்யூட்டர் உறுமுச்சு. பக்கத்துல இருக்குறது உறுமுச்சு. வரிசையா அத்தனை ஸ்கிரீனும் பளபளன்னு முழிச்சுது. கீழ் மாடியில பார்கோடு பிரிண்டர் எல்லாம் கரகரன்னு ஸ்டிக்கர் துப்புற சத்தம் படி வழியா ஏறி வருது.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. சாஃப்ட்வேர்காரனோட கடிகாரம் சிங்கப்பூர் நேரம். அங்க ஒன்பதுன்னா இங்க ஆறரை.

கருத்தம்மாக்கா போட்டா பாருங்க ஒரு குலவை, மாடியே அதிர்ந்துச்சு. தையல் மெஷின்ல இருக்குற ஒடிசாப் பையங்க ஜெய் மா, ஜெய் மான்னு தலைக்கு மேல கையெடுத்துட்டாங்க. முதலாளி கண்ணுல தண்ணி தாரையா ஓடுது.

"ஆத்தாளே எறங்கிட்டா" அப்படின்னாரு முதலாளி. என்னைப் பாத்து, "இனி அந்த சாஃப்ட்வேர் எல்லாம் எதுக்கு கண்ணு? சாமியே பாத்துக்கும்."

என் நெலமையக் கொஞ்சம் நெனைச்சுப் பாருங்க. சாமின்னு விட்டா என் வேலை போகும். நான்தான்னு சொன்னா பூஜையக் கெடுத்தவள்னு வேலை போகும். அதுக்குள்ள வேலுமணி ஒரு ஸ்கிரீன் பக்கம் எட்டிப் பாத்தான்.

"மாமா, சாமியெல்லாம் இல்லீங்க. அந்த சாஃப்ட்வேர் பேருதான் ஓடுதுங்க. இந்தக்கா பூஜை போட்ட மெஷின நோண்டியிருக்குதுங்க."

குலவை பாதியில நின்னுச்சு. முதலாளி மணியக் கீழ வச்சாரு.

"நீ தொட்டியா கண்ணு?"

பயம் போன எடம் தெரியலை. கோவந்தான் வந்துச்சு. "நேரத்தைத் தப்பாக் குறிச்சது என் தப்பு முதலாளி. ஆனா கை வச்சேன்னு சொன்னா ஒத்துக்கிட மாட்டேன். கை வெக்காமக் காட்டுன்னு நீங்கதான சொன்னீங்க? பொட்டைப் பாருங்க."

அவரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு மொத மெஷின் முன்னால குனிஞ்சாரு. ஸ்கிரீன்ல அப்டேட் ஓடுது. பட்டன் மேல சந்தனமும் குங்குமமும் வச்சது வச்சபடி இருக்கு. அடுத்ததும் அப்படித்தான். "எல்லாத்தையும் பாக்கறேன்"னு சொல்லிட்டு வேட்டிய மடிச்சுக் கட்டி ரெண்டாம் மாடிக்கு எறங்குனாரு, கூட்டமே பின்னால எறங்குச்சு. மறுபடி கீழ. ஒண்ணுல கூட ஒரு கீறல் இல்லை.

கடைசியா கீழ் மாடி மூலையில வேலுமணி மேசை. அங்க பட்டன் மட்டும் வெறுமனே இருந்துச்சு, சந்தனம் வழிச்சு எடுத்த மாதிரி. எல்லாரும் திரும்பி அவன் வெள்ளை வேட்டியப் பாத்தோம். தொடையில செவசெவன்னு ஒரு விரல் கோடு.

"ஸ்கோர் மட்டும் பாத்தனுங்க மாமா" அப்படின்னு முனகுனான்.

"போன வருசமும் நீதானாடா?"

அவன் வேட்டிக் கறைய மடிச்சு மறைச்சான். முதலாளி அவனை ஒண்ணும் வையலை. விறுவிறுன்னு மேல ஏறுனாரு, சந்தனக் கிண்ணம் அங்கதான் இருந்துச்சு. மூணாம் மாடி போய்ச் சேர்றதுக்குள்ள சட்டையெல்லாம் நனைஞ்சு, கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு இளைச்சாரு. பின்னால மெதுவா ஏறி வந்த என்னையும் என் வயித்தையும் பாத்தாரு.

"ஒருதரம் ஏறி எறங்குனதுக்கே எனக்கு நெஞ்சு அடைக்குது. இந்த வயித்தோட நீ தெனமும் ஏறுனியா கண்ணு?"

தலைய ஆட்டுனேன். அவரு கிண்ணத்துல விரலைத் தொட்டு என் லேப்டாப் மேல ஒரு பொட்டு வச்சாரு.

"இத ஊட்டுக்குக் கொண்டு போ. அந்த சாஃப்ட்வேரையே வாங்கிக்கலாம். மணிய மட்டும் நம்ம ஊரு மணிக்கு மாத்திப்போடு."

இப்போ எனக்கு ஒரு பக்கம் தொட்டில், ஒரு பக்கம் லேப்டாப். அந்தப் பொட்டை இன்னமும் தொடைக்கலை. எல்லா வேலையும் இருந்த எடத்துல முடிஞ்சுருது. ஒண்ணே ஒண்ணுதான் சாஃப்ட்வேருக்கு வராது, புடுங்குன வயரைத் திருப்பிச் சொருகுறது. அதுக்கு முதலாளி தனியா ஒரு ஆளைப் போட்டுட்டாரு. காலையில கூட ஃபோன் அடிச்சேன்.

"தம்பி வேலுமணி, மூணாம் மாடியில ஒரு வயர் கழண்டிருக்கு. கொஞ்சம் ஏறிப் பாத்துருங்க."

"இப்பத்தானுங்க்கா எறங்குனேன்" அப்படின்னான், மூச்சு வாங்க.