மேட்டில் இறக்கிய பாரம்

பிணவறை வாசலில் லெசோலே தன் பிக்கப் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அங்கே மூன்று பேரும் ஒரு சோஃபாவும் காத்துக்கொண்டிருந்தார்கள். சோஃபா புதுசு. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சிவப்பு வெல்வெட். பக்கத்தில் பீர் கிரேட்டுகள் ஆறு.

பிணம் ஒன்றை அடிவாரத்துப் பூத்தா-பூத்தே நகரத்திலிருந்து மேலே மலைக்குள், ரமோக்கெலே ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். கெதாங் என்ற சுரங்கத் தொழிலாளி. எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்து, நுரையீரல் கல்லாகிச் செத்துப்போனவன். வந்திருந்தவர்கள் அவன் மனைவி மாதூசோ, அண்ணன் ரபிட்சோ, தம்பி செஃபாகோ.

"இதெல்லாம் யாருது?" என்றான் லெசோலே.

"நம்மளுதுதான்," என்றான் ரபிட்சோ. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் புதுத் தொப்பி, காலில் புது பூட்ஸ். "சாவுக்கு நாலு பெரிய மனுஷன் வருவான். கல்லு மேலயா உக்கார வைக்கிறது?"

சுரங்கத்தார் அடக்கச் செலவுக்குக் கொடுத்ததில் வாங்கியது என்று லெசோலேவுக்குக் கேட்காமலே புரிந்தது. சவப்பெட்டியைப் பார்த்தால் எவனுக்கும் புரியும். ஒட்டுப்பலகைப் பெட்டி; ஒரு மூலையில் ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பாரம் அதிகம். கீழே ஓடற மாதிரி மேலே இந்த வண்டி ஓடாது. மேலே போகப் போகக் காத்து மெலிசு. டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினு இது. மூச்சு வாங்கும்."

"உன் வண்டிக்கு ஆஸ்துமாவா?" என்று சிரித்தான் செஃபாகோ. காலையிலேயே அவன் வாயில் பிராந்தி நாற்றம்.

ஏற்றினார்கள். பெட்டியை ஒரு பக்கம் தள்ளி, அதை இடித்துக்கொண்டு சோஃபாவை வைத்தார்கள். பின்னால் கிரேட்டுகள். வண்டியில் இருந்தது ஒரே தார்ப்பாய். அதை ரபிட்சோ விரித்துச் சோஃபாவுக்கு மேல் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினான். பெட்டி வெட்டவெளியில் கிடந்தது. வானம் பனி கொட்டத் தயாராகச் சாம்பல் பூத்து நின்றது. மாதூசோ அந்தக் கயிற்று முடிச்சுகளைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க முன்னால வாங்க," என்றான் லெசோலே.

ரபிட்சோ கையை நீட்டி மறித்தான். "புருஷனைப் பறிகொடுத்தவ ஆம்பளைங்க தோளை உரசிக்கிட்டு உக்காரலாமா? துக்கம் கலையற வரைக்கும் கூடாது. எங்க வீட்டு முறை உனக்குத் தெரியாது, டிரைவர்."

"அப்ப சோஃபா மேலயாவது உக்காரட்டும். காத்துக்கு முதுகு மறையும்."

"பிளாஸ்டிக் கிழியும்!"

அவள் பின்னால் ஏறி ஒரு கிரேட்டின் மேல் உட்கார்ந்து, கருப்புக் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்தாள். அடுத்த வீட்டுச் சமாசாரத்தில் நாம் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று லெசோலே சாவியைத் திருகினான்.

மொத்தெங் கணவாய் ஏற்றம் தொடங்குமுன்பே அண்ணனும் தம்பியும் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். பொரித்த ஆட்டுக்குடல், எண்ணெய் சொட்டும் மாவுருண்டை. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்ததால் கொழுப்பு வாடை உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. ரபிட்சோ விரலை நக்கி இருக்கையில் துடைத்தான். மூக்குப்பொடி உறிஞ்சி, தும்மி, அதையும் இருக்கையிலேயே துடைத்தான். தம்பி பல்லில் சிக்கிய குடல் துணுக்கை நகத்தால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டான்.

லெசோலே பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. அடித்தொண்டையில் முனகிக்கொண்டு வண்டி ஏறியது. பக்கக் கண்ணாடியில் பின்னால் கரும்புகை; அந்தப் புகைக்கு நடுவில் கருப்புக் கம்பளி.

"கெதாங்கோட மாடு எத்தனை இருக்கு?" என்று கேட்டான் செஃபாகோ.

"ஆறு. ஒண்ணை நாளைக்கு அடிச்சிடுவோம்."

"மீதி?"

"அவ என்ன மாட்டை மேய்க்கவா போறா? பேசிக்கலாம். மொதல்ல மண்ணைப் போடுவோம்."

"அந்தப் பித்தளைப் பட்டன் வச்ச கோட்டு எனக்கு."

"உன் தொப்பைக்கு அது பத்தாதுடா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் செஃபாகோவுக்குக் குமட்டியது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, குடல், மாவுருண்டை, பிராந்தி எல்லாவற்றையும் மலைக்குத் திருப்பிக் கொடுத்தான். காற்று எதிர்க்காற்று. லெசோலே பக்கக் கண்ணாடியில் பார்த்தான். அவ்வளவும் பின்னால் பறந்தது.

ஓரமாக நிறுத்தி இறங்கி ஓடினான். பெட்டியின் பக்கவாட்டில் வழிந்திருந்தது. மாதூசோவின் கம்பளி ஓரத்திலும் பட்டிருந்தது. அவள் இறங்கி, பாதையோரத்துப் பனியை ஒரு கை அள்ளி முதலில் பெட்டியைத் துடைத்தாள். அப்புறம்தான் தன் கம்பளியை. லெசோலே தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கொடுத்தான்.

"வேணாம்ணே. வீணாயிடும்."

"ஆகட்டும்."

வண்டிக்குள்ளிருந்து செஃபாகோ கத்தினான்: "அண்ணி, ஒரு பாட்டிலை எடுத்துக் குடு! வாய் கசக்குது!"

அவள் எடுத்துக் கொடுத்தாள். லெசோலேவும் எத்தனையோ குடிகாரர்களை ஏற்றியிருக்கிறான், திருடர்களை ஏற்றியிருக்கிறான், ஒருமுறை செத்த கழுதையைக்கூட ஏற்றியிருக்கிறான். இப்படி ஒரு அருவருப்பு அவனுக்கு வந்ததில்லை. திரும்பவும் அவர்கள் பக்கத்தில் உட்கார உடம்பு கூசியது. கதவோரம் ஒட்டி உட்கார்ந்து ஓட்டினான்.

மஹ்லசேலா உச்சியைத் தாண்டியதும் தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் திரும்பினார்கள். ரமோக்கெலே ஊருக்கு முன்னால் கடைசியாக ஒரு ஏற்றம் உண்டு. செங்குத்து, வெயிலே படாத சரிவு, தரை முழுக்க இறுகிய பனி. லெசோலே கீழேயே நின்று இன்ஜினை ஆற வைத்தான். அப்புறம் முதல் கியரில் போட்டு ஏறினான். பாதி வழியில் வண்டி செத்தது. பின்னால் விட்டு மறுபடியும் ஏறினான். முன்னைவிட நாலு அடி அதிகம் போய், கறுப்பாகக் கக்கி, நின்றது. மூன்றாம் தடவை பின்சக்கரம் வழுக்கி, வண்டி பள்ளத்துப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது. கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு இறங்கினான். அந்த உயரத்தில் நாலு எட்டு நடந்தாலே மூச்சு இரைக்கும்.

"பாரத்தைக் குறைச்சாத்தான் ஏறும். சோஃபாவும் பீரும் இங்கே இருக்கட்டும். ஊர்லேர்ந்து மாட்டைப் பூட்டி வந்து எடுத்துக்கலாம்."

"ரோட்டுல போட்டுட்டா?" ரபிட்சோ கண்ணை விரித்தான். "மேய்க்கிற பசங்க பார்த்தா பிளாஸ்டிக்கூட மிஞ்சாது."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் நடங்க. மேடு வரைக்கும்தான்."

"இந்தக் குளிர்லயா? எனக்கு முட்டி வலி."

மாதூசோ பின்னாலிருந்து இறங்கினாள். குளிரில் கால் மரத்து ஒரு கணம் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் நடக்கிறேன்," என்றாள்.

"அதான் சரி," என்றான் ரபிட்சோ. "ஆனா அவ என்ன கனம் இருக்கப்போறா, ஆட்டுக்குட்டி மாதிரி." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு, வெகு சாதாரணமாக, "பெட்டியை எறக்கிடலாம்," என்றான். "ஓரமா வச்சா யாரு தூக்கிட்டுப் போகப்போறான்? சோஃபாவை ஊர்ல விட்டுட்டு வந்து இவனை எடுத்துக்கலாம். அவனுக்கு என்ன, குளிரவா போகுது?"

"அண்ணி வேணா காவலுக்கு இருக்கட்டும்," என்றான் தம்பி.

மாதூசோ மூத்தாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. சோற்றுப்பானைக்குள் செத்த எலியைக் கண்டவள் போலப் பார்த்தாள். அந்தப் பார்வையை லெசோலே பார்த்தான். வாயில் ஊறிய உமிழ்நீரை விழுங்க முடியாமல் பனியில் துப்பினான்.

"சரிண்ணே," என்றான். "பெட்டி சோஃபாவுக்கும் பலகைக்கும் நடுவுல இறுகிக் கிடக்கு. மொதல்ல சோஃபாவை எறக்குங்க. கிரேட்டையும். அப்பதான் பெட்டியை அசைக்க முடியும்."

அவன் அப்போது வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. அது உண்மையும்கூட. இரண்டு பேரும் முனகிக்கொண்டே கிரேட்டுகளை இறக்கினார்கள். அப்புறம் சோஃபாவை, பச்சைக்குழந்தையை இறக்குவதுபோல, "மெதுவா, மெதுவா, கால் உடைஞ்சிடும்" என்று கெஞ்சிக் கெஞ்சி இறக்கினார்கள். இறக்கியதும் மூச்சு வாங்க அதன் மேலேயே இரண்டு பேரும் சாய்ந்தார்கள். செஃபாகோ சிகரெட் பற்ற வைத்தான்.

"டிரைவர், நீயும் அவளும் பெட்டியை இழுங்க. நாங்க கொஞ்சம் உக்காந்துக்கறோம்."

அப்போதுதான் லெசோலே முடிவுசெய்தான். அவிழ்த்த தார்ப்பாயை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டுக் கட்டினான். முன்கதவைத் திறந்தான்.

"அக்கா, ஏறுங்க."

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஏறினாள்.

கதவு சாத்திய சத்தத்தில்தான் ரபிட்சோவுக்கு உறைத்தது. "ஏய்! எங்கடா போற?"

"பாரம் குறைஞ்சிருச்சுண்ணே!" என்று கத்தினான் லெசோலே.

முட்டுக்கல் கிடந்தபடியே கிடக்க, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகிக் கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, முனகி, பிடித்தது. பின்னால் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். குளிர், முட்டிவலி எதுவும் அப்போது தெரியவில்லை போலும். பத்து எட்டு ஓடியதும் காற்றுக் கிடைக்காமல் குனிந்து நின்றார்கள். கரும்புகை அவர்களை மூடியது. செஃபாகோ எறிந்த பாட்டில் எங்கோ விழுந்து உடைந்தது.

மேட்டைத் தாண்டியதும் மாதூசோ ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"நாறுது," என்றாள்.

"ஆமாக்கா."

"நீங்க நாளைக்குப் போயிடுவீங்க. நான் அவங்களோட இருக்கணும். அதை யோசிச்சீங்களா?"

லெசோலே வேகத்தைக் குறைத்தான். "திரும்பிப் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

அவள் பின்னால் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். "வேணாம். ஒரு மணி நேரமாவது என் புருஷன் அவங்க இல்லாம இருக்கட்டும்."

ஊர் எல்லையில் ஆண்கள் கம்பளி போர்த்துக் காத்திருந்தார்கள். குழி வெட்டி முடித்துக் கையெல்லாம் மண்ணோடு வந்த மகன் தூசோ, பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டே, "பெரியப்பா எங்கேம்மா?" என்றான்.

"சோஃபாவுக்குத் துணையா இருக்கார்," என்றாள் மாதூசோ. சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

இருட்டுவதற்குள் யாரோ மாடு பூட்டிய சறுக்கு வண்டியோடு போய் எல்லாவற்றையும் இழுத்து வந்தார்கள். லெசோலே அடி வாங்கத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் ஊர்க்காரர்கள் முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல ரபிட்சோவுக்கு வழியில்லை. எதைச் சொல்லித் தொடங்கினாலும் "பெட்டியை எறக்கச் சொன்னேன்" என்பதில் போய் நிற்கும். முறைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அடக்கம். பாதை உறைந்து கிடந்ததால் லெசோலேவும் இருந்தான். குழியருகே ரபிட்சோ எழுந்து பேசினான். தம்பியைச் சிறுவயதில் தோளில் சுமந்த கதை, தன் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த கதை. குரல் உடைந்தது. நிஜக் கண்ணீரே வந்தது. "பனியிலும் காத்துலயும் நான்தான் என் தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்!" என்றான். பெண்கள் விம்மினார்கள். லெசோலேவுக்குப் பொய்யைவிட அந்தக் கண்ணீர்தான் அருவருப்பாக இருந்தது. அந்த ஆள் தன் பேச்சைத் தானே நம்பிக்கொண்டிருந்தான்.

குடும்பத்தின் சார்பில் விதவை ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள். தரையில் உட்கார்ந்திருந்த மாதூசோ எழுந்தாள்.

"வந்தவங்க எல்லாருக்கும் நன்றி. என் புருஷனைக் கொண்டுவந்தது லெசோலே அண்ணன். வேற யாரும் இல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு மண் தள்ளும் சத்தம் கேட்டது.

சாப்பாட்டில் லெசோலேவுக்கு மாட்டிறைச்சித் தட்டு வந்தது. பெரியவர்கள் கல்லில் உட்கார்ந்து சாப்பிட, சிவப்புச் சோஃபாவில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். முற்றத்துக் குளிரில் பிளாஸ்டிக் சரசரத்தது. லெசோலே தட்டைத் தொடாமலே பக்கத்துக் கிழவரிடம் தள்ளிவிட்டு எழுந்தான்.

வண்டியருகே ரபிட்சோ வந்து வழிமறித்தான். கடைவாயில் கொழுப்பு மின்னியது. "ஆம்பளைங்களுக்குள்ள இதெல்லாம் சகஜம், தம்பி. மனசுல வச்சுக்காதே," என்று கையை நீட்டினான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. லெசோலே அந்தக் கையைப் பிடித்தான். எண்ணெயில் வழுவழுத்த, வெதுவெதுப்பான கை. பிடித்ததற்காக அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அந்த மேட்டை இறங்கும்போது இரண்டு தடவை நிறுத்திப் பனியில் கையைத் தேய்த்தான்.

வசந்தத்தில் மொக்கோட்லாங் சந்தையில் அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: மாதூசோ மிச்சமிருந்த ஐந்து மாட்டையும் விடியுமுன் ஓட்டிக்கொண்டு, மகனோடு மலை தாண்டித் தன் அக்கா ஊருக்குப் போய்விட்டாளாம். ரபிட்சோ ஊர்த்தலைவர் வீட்டு வாசலில் தினமும் வந்து கத்துகிறானாம்.

"மாடெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டான் லெசோலே.

"ஒண்ணு கன்னு போட்டிருக்காம்," என்றார் அவர்.